புதுச்சேரியை எங்கே வைப்பது?

"சிறியது என்பதால் எடுக்கச் சொல்கிறீர்களா மேடம், இடிக்கிறது என்பதால் எடுக்கச் சொல்கிறீர்களா?"

புராஜெக்ட்டின் வரைபடத்திலிருந்து புதுச்சேரியை எடுத்துவிடச் சொன்னபோது என் மாணவி கேட்டது இது. இறுதியாண்டு புராஜெக்ட்டில் மாணவர்கள் இப்படிக் கேட்பது அபூர்வம். தலைப்பையும் நாமே கொடுக்கிறோம், முடிவுரையையும் நாமே திருத்துகிறோம், ஸ்பைரல் பைண்டிங் எங்கே மலிவு என்பதையும் சொல்லி அனுப்புகிறோம். கேள்விக்கு இடமே வைப்பதில்லை. "இரண்டும்தான்" என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போய், நான் சொன்னபடியே செய்துவிட்டாள்.

குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.எல்.ஏ.க்களின் வாக்கு மதிப்பைப் புதிய மக்கள்தொகையால் கணக்கிட்டால் என்ன ஆகும் என்பதுதான் ஆய்வு. மாநில மக்கள்தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளையும் போட்டுவிடும் கணக்கு. ஆனால் அதில் வைக்கும் மக்கள்தொகை இன்றுவரை 1971ஆம் ஆண்டுடையது. 1976இல் 42ஆவது திருத்தம் அந்த எண்ணை உறைய வைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம், 2026க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளியாகும் வரை அப்படியே இருக்கட்டும் என்று நீட்டியது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்கள் அதற்காகவே பலம் இழக்கக் கூடாது என்பது இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்படும் நியாயம். எனக்கு அந்த நியாயத்தில் நம்பிக்கை உண்டு. தலைப்பைக் கொடுத்தபோதே முடிவும் என் மனதில் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

2011 கணக்கெடுப்பை வைத்துப் போட்டுப் பார்த்தால் எண்கள் சொன்னபடி கேட்டன. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் மதிப்பு 176இலிருந்து 308 ஆகிறது. கேரளம் 152இலிருந்து 239. உத்தரப் பிரதேசமோ 208இலிருந்து 496க்குப் போகிறது, ராஜஸ்தான் 129இலிருந்து 343க்கு. எல்லோருக்கும் ஏறுகிறது, வடக்கே கூடுதலாக ஏறுகிறது. மக்கள்தொகை எத்தனை மடங்கு பெருகியது என்று பட்டை வரைபடம் போடச் சொன்னேன். கேரளம் 1.56, தமிழ்நாடு 1.75, உத்தரப் பிரதேசம் 2.38, ராஜஸ்தான் 2.66. உயரவாரியாக அடுக்கினால் தெற்கு ஓர் ஓரம், வடக்கு மறு ஓரம். பார்த்த மாத்திரத்தில் விஷயம் விளங்கும்.

அதில் ராஜஸ்தானை ஒட்டிப் போய் உட்கார்ந்திருந்தது புதுச்சேரி. 1971இல் 4,71,707 பேர், 2011இல் 12,47,953 பேர். 2.65 மடங்கு. எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பு 16இலிருந்து 42.

நான் எதிர்பார்க்கவில்லை. இந்த ஊரிலேயே இத்தனை காலம் பாடம் நடத்திக்கொண்டு, தெற்கு என்றால் நாமும் அதில் அடக்கம் என்றே நினைத்திருந்தேன். பிறப்பு விகிதம் இங்கேயும் குறைவுதான். ஆனால் கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் குடிவந்தவர்களைக் கணக்கெடுப்பு இங்கேதானே எண்ணும்? அவளே குறிஞ்சிப்பாடியில் பிறந்து, அப்பாவின் வேலைக்காக அரியாங்குப்பத்துக்கு வந்த பெண். "2011இல் என்னையும் இங்கேதான் மேடம் எண்ணியிருப்பார்கள்" என்றாள். எல்லையிலிருக்கும் முள்ளோடையைத் தாண்டிய ஒரு குடும்பம் தமிழ்நாட்டுக் கணக்கிலிருந்து கழன்று புதுச்சேரிக் கணக்கில் ஏறிவிடுகிறது. இதற்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இதுதான் என் வாதமும். ஆய்வின் கேள்வி பிறப்பைப் பற்றியது. புதுச்சேரியின் எண்ணில் குடிபெயர்வு கலந்திருக்கிறது. கலப்படமான எண்ணை அதே வரைபடத்தில் வைத்தால் பார்ப்பவர் தவறாகப் படிப்பார். எனவே யூனியன் பிரதேசங்களைத் தனியாக எடுத்துவிடு, பின்னிணைப்பில் போடு என்றேன். டெல்லியையும் சேர்த்தே எடுக்கச் சொன்னேன் என்பதைக் கவனிக்க வேண்டும். டெல்லி நான்கு மடங்குக்கு மேல் பெருகிய ஊர். அது இருந்திருந்தால் என் பக்கம் இன்னும் கனத்திருக்கும். அதையும் விட்டுக்கொடுத்தேன். ஆய்வின் எல்லையை வகுப்பது வழிகாட்டியின் வேலை. யாரிடமும் இதை நான் சொல்லி நிரூபிக்க முடியும்.

நிரூபிக்க முடிவதுதான் எனக்கு இப்போது உறுத்துகிறது. பட்டையைப் பார்ப்பதற்கு முன் இந்தக் காரணம் எனக்குத் தோன்றவில்லை. குடிபெயர்வைக் கழிக்க வேண்டும் என்றால் எல்லா மாநிலத்துக்கும் கழித்திருக்க வேண்டும். மும்பைக்கும் பெங்களூருக்கும் ரயிலேறியவர்கள் அந்தந்த மாநிலக் கணக்கில் இருக்கிறார்களே, அங்கே நான் கலப்படம் என்று சொல்லவில்லை. புதுச்சேரி 1.6 மடங்கோடு கேரளத்துக்குப் பக்கத்தில் அடக்கமாக நின்றிருந்தால், "பாருங்கள், நம் ஊரும் இழக்கிறது" என்று அதற்குத் தனி நிறமே கொடுத்திருப்பேன்.

சிறியது என்ற காரணத்தையும் சொன்னேன். அதில் அவள் என்னை விடவில்லை. "நாகாலாந்தை வைத்திருக்கிறோமே மேடம்? 1971இல் அதுவும் நம் அளவுதான்." சரிதான், 5,16,449 பேர். சிக்கிம் அதைவிடச் சிறியது, 2,09,843. இரண்டும் வரைபடத்தில் கம்பீரமாக நின்றன, ஏனென்றால் அவை மாநிலங்கள், தெற்கிலும் இல்லை. "அவை மாநிலங்கள் அம்மா" என்றேன். முறைப்படி சரியான பதில். அதன் பிறகுதான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

சிறியது என்பது பொய்யும் அல்ல. 2022 தேர்தலில் மொத்த வாக்கு மதிப்பு 10,86,431. அதில் நம் சட்டமன்றத்தின் 30 பேருக்கும் சேர்த்து 480. ஒரு எம்.பி.யின் மதிப்பு 700. மூன்று நியமன எம்.எல்.ஏ.க்களுக்கு இந்தத் தேர்தலில் வாக்கே கிடையாது. எதிரே கடலூர் எம்.எல்.ஏ.வின் மதிப்பு நம்முடையவரைப்போல் சரியாகப் 11 மடங்கு. 1971 கணக்குப்படி அவர் பின்னால் இருந்த மக்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு அதிகம் என்பதால் அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. திரௌபதி முர்முவுக்கும் யஷ்வந்த் சின்காவுக்கும் இடையே 2,96,626 வாக்கு மதிப்பு வித்தியாசம் இருந்த தேர்தலில், 480 ஆனால் என்ன, 1,260 ஆனால் என்ன? ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் நிறுத்த இடமில்லை. 70ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த 1995 வரை புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களுக்கு இந்தத் தேர்தலில் இடமே இல்லை. கே.ஆர். நாராயணன் வென்ற 1997 தேர்தலில்தான் முதன்முறையாக வாக்களித்தார்கள். சேர்க்காமல் இருந்ததால் எந்த முடிவும் மாறிவிடவில்லை, சேர்த்ததாலும் மாறவில்லை. அந்த 16ஐ வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் பொருளடக்கத்தைப் புரட்டிவிட்டு நேராகவே கேட்டார்: "எல்லாம் இருக்கிறது, நம் ஊரைக் காணோமே?" நான் வாய் திறக்கவில்லை. அவள் தயங்கவே இல்லை. ஆய்வின் எல்லை மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களின் வளர்ச்சியில் குடிபெயர்வின் பங்கு அதிகம், ஒப்பீடு திரியும், தனி அட்டவணை பின்னிணைப்பில் இருக்கிறது என்று கோவையாகச் சொன்னாள். என்னிடம் கேட்ட எதையும் அங்கே கேட்கவில்லை. புறத்தேர்வாளர் பின்னிணைப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் "குட்" என்றார். நல்ல மதிப்பெண் வந்தது.

அவள் என்னைக் காப்பாற்றினாளா, தன் மதிப்பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டாளா, அல்லது நான் சொன்னதை உண்மையிலேயே ஏற்றுக்கொண்டாளா? மூன்றாவதாக இருந்தால் நிம்மதி என்று ஒரு நாள் தோன்றுகிறது. மறுநாள், மூன்றாவதுதான் இருப்பதிலேயே மோசமானது என்று தோன்றுகிறது. அவளிடமே கேட்டுவிடலாம், எண் இருக்கிறது. கேட்டால் "நீங்கள் சொன்னது சரிதான் மேடம்" என்பாள். அதைக் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது.

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்னிணைப்பு அட்டவணையில் டெல்லி, புதுச்சேரி என்று இரண்டே வரிசை. புதுச்சேரிக்கு எதிரே குறிப்புப் பகுதியில், "ராஜஸ்தானுக்கு இணையான வளர்ச்சி, காரணம் தனியே ஆராயத்தக்கது" என்று அவளாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள். கையெழுத்துப் போடும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அடித்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். இருக்க விட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பின்னிணைப்புதானே.

2027 மார்ச் 1ஐக் கணக்கில் கொண்டு அடுத்த கணக்கெடுப்பை அறிவித்துவிட்டார்கள். தொகுதி மறுவரையறையைப் பற்றி டீக்கடை வரை பேச்சு. இந்த வருடக் குழு ஒன்று அதே தலைப்பைத் தானாகவே கேட்டு வந்தது. இம்முறை எண்களைத் திறப்பதற்கு முன்பே எல்லையை எழுதச் சொன்னேன்: மாநிலங்கள் மட்டுமா, யூனியன் பிரதேசங்களுமா, குடிபெயர்வைக் கழிப்பதா வேண்டாமா, எல்லாம் எழுதித் தேதி போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எக்செல். தெற்கு, வடக்கு என்று நான் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை தாளோடு வந்து நின்றார்கள். எல்லை என்ற இடம் காலியாக இருந்தது.

"என்ன முடிவு வரவேண்டும் என்று சொல்லிவிட்டால் அதற்கேற்றபடி எழுதிவிடுவோம் மேடம்" என்றான் ஒருவன்.