பெசன்ட் நகரில் ஆமைக்குஞ்சு பார்க்க: குழந்தைகளோடு ஒரு மாலை

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் மாலை ஐந்தரைக்கு மணலில் இருங்கள். வெயில் இறங்கியிருக்கும். ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவதும் பெரும்பாலும் சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான். அன்று குஞ்சு பொரித்தால்தான் விடுவார்கள் என்பதால், கிளம்பும் முன் தன்னார்வலர்களின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

இங்கே முட்டையிட வருபவை பங்குனி ஆமைகள். ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை இரவில் கரையேறும். பின்துடுப்புகளால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவை வடிவில் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேலும் இட்டு, மணலை மூடிவிட்டுத் திரும்பிவிடும். மாணவர்கள் சேர்ந்து நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று 1988 முதல் இந்தக் கரையில் இரவில் நடந்து, அந்த முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறது. வனத்துறைக்கும் பொரிப்பகங்கள் உண்டு. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள், உருட்டாமல் திருப்பாமல் எடுத்து, அதே ஆழத்தில் அதே வடிவக் குழியில் வைக்க வேண்டும். தாமதித்துப் புரட்டினால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாள் ஆகும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண்.

முட்டைகளை இட்ட இடத்திலேயே ஏன் விட்டுவைப்பதில்லை? நாய், காக்கை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் விளக்கு. குஞ்சு இரவில் வெளிச்சமான பக்கம் நோக்கி ஊரும். இருண்ட கரையில் அது கடலின் அடிவானம். சென்னையில் அது சாலை விளக்கு. தப்பான திசையில் போன குஞ்சு விடிவதற்குள் காய்ந்து செத்துப்போகும்.

அதனால்தான் குஞ்சு விடும்போது செல்போன் விளக்கு, ஃபிளாஷ் இரண்டும் கூடாது. இதைக் குழந்தைகளிடம் வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். தன்னார்வலர்கள் கோடு போட்டிருந்தால் அதற்குப் பின்னால், கரைப் பக்கம் நில்லுங்கள். குஞ்சுக்கும் கடலுக்கும் நடுவே யாரும் போகக்கூடாது. ஈர மணலில் நம் காலடித் தடம் நமக்கு ஒன்றுமில்லை. கட்டைவிரல் நீளமே உள்ள குஞ்சுக்கு அது பள்ளம், விழுந்தால் ஏறத் திணறும். பிள்ளைகளைக் கொண்டு அந்தத் தடங்களை முன்கூட்டியே கையால் நிரவச் சொல்லுங்கள். தொட முடியாத ஏக்கம் இந்த வேலையில் தீரும். மணல்வீடு கட்டத் தோண்டிய குழிகளையும் கிளம்பும் முன் மூட வேண்டும். இரவில் கரையேறும் தாய் ஆமையும் அதில் சிக்கும். குஞ்சு மெதுவாகப் போகிறதே என்று தூக்கித் தண்ணீரில் விடாதீர்கள், மணலில் அது தானே ஊர்ந்துதான் போக வேண்டும்.

இரவு நடைக்கும் பொதுமக்களை அழைத்துப் போகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் மணலில், நடுராத்திரியில் நடக்க வேண்டும். ஆமை கண்ணில் படும் என்ற உறுதியும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு மாலையே போதும் என்பது என் கருத்து.

கடலில் இறங்குவதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். கணுக்காலுக்கு மேல் வேண்டாம். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடத்தில்தான் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே இழுக்கும். பெற்றோர் அதையே பாதுகாப்பான இடம் என்று நம்பிவிடுகிறார்கள். கரையில் நிற்கும் வெள்ளை ஷ்மிட் நினைவு மண்டபம், 1930-ல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் இறந்தவருக்காகக் கட்டியது.

மணல்மேட்டில் படர்ந்திருக்கும் ஊதாப்பூ அடும்பங்கொடியை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். சுண்டலுக்கு வீட்டிலிருந்து டப்பா கொண்டு போனால் பிளாஸ்டிக் கிண்ணம் மிச்சம்.

இருட்டிய பிறகு சாலைப் பக்கம் ஊரும் குஞ்சைக் கண்டால் தண்ணீர் வாளியில் போடாதீர்கள். நீந்தி நீந்தியே தெம்பு தீர்ந்துவிடும். ஈர மணல் பரப்பிய பெட்டியில் வைத்து, வெளிச்சம் படாமல் மூடி, பொரிப்பகத்தில் இருப்பவர்களிடம் கொடுங்கள்.