முதல் நாள் இரண்டு மணி நேரம்

டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாகப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முதன்முறை வரும் நோயாளியின் வீட்டார் தவறாமல் ஒன்று கேட்பார்கள்: "மற்றவர்களுக்கு நான்கு மணி நேரம் செய்கிறீர்கள். உப்பு இவ்வளவு ஏறிக் கிடக்கும் எங்கள் அப்பாவுக்கு மட்டும் ஏன் இரண்டு மணி நேரம்?"

சேர்ந்த புதிதில் எனக்கும் அதே ஐயம் இருந்தது. பரவல், சவ்வூடுபரவல் எல்லாம் படித்து மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால் அவை என்னவென்று ஒரு பெரியவரின் தலைவலியில்தான் புரிந்தது.

இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டியான டயலைசருக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய குழல்கள் இருக்கின்றன. குழலுக்குள் இரத்தம்; வெளியே எதிர்த்திசையில் கரைசல், நிமிடத்துக்கு 500 மி.லி. பம்பு இரத்தத்தைச் சுற்றிவரச் செய்கிறதே தவிர, யூரியாவைப் பிடித்துத் தள்ளுவதில்லை. யூரியா என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு; வீட்டார் 'உப்பு' என்று சொல்வது இதைப் போன்ற கழிவுகளைத்தான். இரத்தத்தில் யூரியா மிகுதி, கரைசலில் அறவே இல்லை. ஆகவே யூரியா தானாகவே குழலின் சுவரான சவ்வைக் கடந்துபோகிறது. கரைசல் புதிதாக வந்துகொண்டே இருப்பதால் இருபுறமும் சமமாகிவிடாது.

அந்தப் பெரியவருக்கு யூரியா மிக அதிகம்; 300 மி.கி./டெ.லி.யைத் தாண்டியிருந்தது. மெதுவாகத்தான் ஓட்டினோம். அப்படியும் முடியும் தறுவாயில், "தலை பிளக்கிறது தம்பி" என்றார். அடுத்து வாந்தி. நான் பதறிப்போனேன். அவர் தேறிய பிறகு மருத்துவர் என்னை அருகில் அழைத்தார்.

"இரத்தத்தில் இருந்த யூரியா விரைவாகப் போய்விட்டது. மூளைச் செல்களுக்குள் இருப்பது அந்த வேகத்தில் வெளியே வராது. இப்போது அடர்த்தி எங்கே கூடுதல்?"

"செல்லுக்குள்."

"தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?"

விடை எனக்குத் தெரிந்ததுதான். சொல்லும்போது நாக்கு குழறியது. தண்ணீர் செல்லுக்குள் போகும், செல் வீங்கும், மண்டை ஓட்டுக்குள் வீங்குவதற்கு இடம் கிடையாது.

அன்றிலிருந்து, நோயாளியை இணைக்கும் முன் கரைசலில் தாது உப்புகள் எவ்வளவு என்று காட்டும் கடத்துத்திறன் 14 mS/cm-ஐ ஒட்டி நிற்கிறதா என்று இரண்டு முறை பார்ப்பேன். கரைசல் நீர்த்துப்போனால் இரத்தமும் நீர்த்து, சிவப்பணுக்களுக்குள் தண்ணீர் புகுந்து அவை வெடித்துவிடும். அவற்றின் சவ்வில் தண்ணீருக்கென்றே வாயில்போல ஒரு புரதம் இருக்கிறது. அதைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எத்தனை திறந்த வாயில்கள் அவை என்று நினைக்கும்போது இன்றும் கை சற்று நிதானமாகும்.

போன மாதம் ஒரு பெண் அதே கேள்வியைக் கேட்டார். ஊறுகாய் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"வருடா வருடம் போடுவேன்."

"மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் ஏன் தண்ணீர் விடுகிறது? உப்பு மிகுந்த பக்கம் தண்ணீர் போகிறது. உங்கள் அப்பாவின் மூளைச் செல்களுக்குள்ளும் உப்பு ஏறியிருக்கிறது. வெளியே இருப்பதை மட்டும் அவசரமாக எடுத்துவிட்டால்?"

அவர் தந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "மெதுவாகவே செய்யுங்கள் சார்" என்றார்.