யார் எங்கே நிற்கிறான்?

ஜூன் 7, சனி

அண்ணன் மகனோடு இரண்டாவது ஆட்டம் போனேன். படத்தின் பெயர் வேண்டாம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பாவம். இடைவேளைக்கு முன்னால் ஒரு கிடங்கில் பெரிய சண்டை. கதவு எந்தப் பக்கம், ஹீரோ எந்தத் தூணுக்குப் பின்னால், கத்தி வைத்திருப்பவன் எவ்வளவு தூரத்தில், எதுவும் பிடிபடவில்லை. கண் ஓர் இடத்தில் நிற்பதற்குள் அடுத்த ஷாட். சத்தத்தை வைத்துத்தான் அடி விழுந்ததென்று தெரிந்துகொண்டேன்.

“செமயா இருந்துச்சில்ல அத்தை?” என்றான்.

“யாரு யாரை அடிச்சாங்க, சொல்லு பார்ப்போம்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “எல்லாரையும் ஹீரோதான்” என்றான். அதுவும் சரிதான்.

வெளியே வந்து தட்டுவடை செட் சாப்பிட்டோம். அது நன்றாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

காலை ஏற்காடு பஸ். நல்லவேளை, ஜன்னலோர இடம் கிடைத்தது. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் பலகை. பாதி ஏறியிருப்போம், இரண்டு வளைவு கீழே ஒரு வெள்ளைக் கார் விரட்டிக்கொண்டு வந்தது. மரங்களுக்குள் மறையும், கொஞ்ச நேரத்தில் ஒரு வளைவு நெருங்கித் தெரியும். மேலேயிருந்து ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. கார்க்காரனுக்கு லாரி தெரியாது, லாரிக்காரனுக்குக் கார் தெரியாது, எனக்கு இரண்டும் தெரிகிறது. வயிற்றைப் பிசைந்தது. ஒன்றும் ஆகவில்லை, லாரி ஹாரன் அடித்ததும் கார் ஒதுங்கி நின்றுவிட்டது.

துரத்தல் காட்சிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? யார் எங்கே இருக்கிறான், இடையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிட்டால் போதும், மிச்சத்தைப் பயமே பார்த்துக்கொள்ளும். ஷாட்டை வேகமாக மாற்றுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோடு’ (2015) முழுக்க அப்படித்தான் பறக்கிறது. ஆனால் இயக்குநர் ஜார்ஜ் மில்லர் ஒவ்வொரு ஷாட்டிலும் முக்கியமானதைத் திரையின் நடுவில் வைத்திருப்பார், கண் அலைய வேண்டியதில்லை. அதைத் தொகுத்த மார்கரெட் சிக்சலுக்கு ஆஸ்கார் கொடுத்தது ரொம்ப நியாயம்.

ஜூன் 11, புதன்

ஆபீஸில் நாள் முழுக்கக் கணக்கு. ராத்திரி ‘கைதி’ (2019) மறுபடியும். எத்தனாவது தடவை என்று கேட்காதீர்கள்.

ஒரே ராத்திரி, பாட்டு இல்லை, ஜோடி இல்லை. ஒரு பக்கம் மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை ஏற்றிய லாரி, இன்னொரு பக்கம் கமிஷனர் ஆபீஸுக்குள் மாட்டிக்கொண்ட நெப்போலியன் என்ற கான்ஸ்டபிளும் சில கல்லூரிப் பிள்ளைகளும். லாரி போய்ச் சேர வேண்டும், கதவு தாங்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு, குழந்தைக்குக்கூடப் புரியும்.

எனக்குப் பிடித்த இடம் சண்டையே இல்லை, அந்த லாரியை ஓட்டிவரும் ஹீரோ டில்லி, அதாவது கார்த்தி, பிரியாணி சாப்பிடுவது. கார்த்தி அந்தச் சோற்றை அள்ளி வாயில் திணிக்கிறதைப் பார்த்தால் ஜெயிலில் எத்தனை வருஷம் இருந்தான் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அவன் வாங்கும் ஒவ்வொரு அடியும் நமக்கு வலிக்கிறது. கடைசியில் அந்தப் பெரிய துப்பாக்கியை இறக்கியதுதான் எனக்கு ஒட்டவில்லை. வெறுங்கையோடு நின்றவரை இருந்த பயம் அங்கே போய்விடுகிறது. தியேட்டரில் விசில் பறந்ததும் அங்கேதான், என் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்!

ஜூன் 14, சனி

தினமும் போகிற வழியில்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவு நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய படக் கம்பெனி. சேலத்துக்காரர்கள் சினிமா பேசினால் அங்கே போய் முட்டாமல் இருக்க மாட்டோம், நானும் முட்டுகிறேன்.

அவர்கள் எடுத்த ‘மந்திரி குமாரி’யை (1950) இன்று அண்ணன் மகனுக்குப் போட்டுக் காட்டினேன். எம்.ஜி.ஆர். வாள்வீச்சு வரும்போதெல்லாம் போனை நோண்டிக்கொண்டிருந்தான். அப்புறம் மலை உச்சி வந்தது. வில்லன் பார்த்திபன் ஆசையாகப் பேசி மனைவி அமுதாவைக் கூட்டிவந்து, தள்ளிவிடப் போவதாகச் சொல்கிறான். சாவதற்கு முன் உங்களை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று கேட்கிறாள். போன் கீழே போய்விட்டது. விளிம்பு எங்கே, அவன் எங்கே, அவள் எங்கே, எல்லாம் கண்ணெதிரே. சுற்றி வருகிறாள், முதுகுப் பக்கம் வந்ததும் ஒரே தள்ளு.

“ஏய்!” என்று கத்திவிட்டான் பையன்.

மொத்தப் படத்திலும் அதுதான் பெரிய ஆக்‌ஷன் என்பேன். குண்டலகேசிக் கதையிலிருந்து வந்தது என்று சொன்னேன், அது அவன் காதில் ஏறவில்லை. “இன்னொரு வாட்டி போடுங்க அத்தை” என்றான்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று ‘போலீஸ் ஸ்டோரி’ (1985). ஜாக்கி சான் கடைவளாகத்தில் விளக்குச் சரம் சுற்றிய கம்பியைப் பிடித்துச் சறுக்குவதை வேறு வேறு கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். நிஜமாகவே செய்திருக்கிறான், நல்லாப் பார்த்துக்கோ என்கிற மாதிரி. அதில் அவருக்கு உள்ளங்கை வெந்துபோனது. பையன் தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு ‘டை ஹார்ட்’. ஹீரோ வெறுங்காலோடு கண்ணாடிச் சில்லு மேல் ஓடுவதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை. அண்ணிதான், பரீட்சை முடியட்டும் என்கிறார்.