அலை சரியாகத்தான் இருந்தது

மானிட்டரில் இரத்த ஆக்சிஜன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் அலாரம் அடிக்க வேண்டும் என்ற எல்லையை 90-லிருந்து 85-க்கு இறக்கியது நான்தான். இன்றுவரை அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

அலாரம் அடித்தால் பிள்ளை விழித்துக்கொள்வாள். விழித்ததும் இருமல். இருமி முடிப்பதற்குள் எண் 94-க்கு ஏறிவிடும். நான் கட்டிலருகே போய்ச் சேரும்போதெல்லாம் திரையில் நல்ல எண்தான் இருந்தது. மூன்றாவது முறை அம்மா கெஞ்சினார்.

"சிஸ்டர், அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிறுத்துங்களேன். பாவம், அவ தூங்கட்டும்."

"விரல அசைச்சிருப்பா, அதான் அடிக்குது. பயப்படாதீங்கம்மா."

இதைச் சொன்னபோது அவள் கை போர்வைக்கு வெளியே, உள்ளங்கை மேலாக, அப்படியே கிடந்தது. விரலில் மாட்டிய சென்சாரின் சிவப்பு வெளிச்சம். அசைந்திருந்தால் திரையில் நாடித்துடிப்பின் அலை கலைந்து கோணல்மாணலாக ஓடியிருக்கும். இரண்டாவது அலாரத்தின்போது தூரத்திலிருந்தே பார்த்தேன்: 88. அலை ஒரே சீராக இருந்தது. அலையைப் பார்த்துவிட்டு எண்ணை நம்பு என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

அவளுக்கு இருந்தது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய். அதில் கெட்டிச் சளி சிறு மூச்சுக்குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கும். கனவு வரும் தூக்கத்தில் விலா இடைத் தசைகள் தளர்ந்துபோகும். உதரவிதானம் மட்டுமே மூச்சை இழுக்க வேண்டும். அந்தத் தூக்கம் விடியும் நேரத்தில்தான் அதிகம். இவள் பகலிலேயே 94-ஐத் தாண்டாதவள். மூச்சு கொஞ்சம் குறைந்தாலும் 90 வரை எண் மெதுவாகத்தான் இறங்கும், தரை ஓரளவு சமம்; அதற்குக் கீழே சறுக்கல். அலாரம் அடித்ததெல்லாம் மூன்றரைக்கு மேல். இவ்வளவும் தெரிந்துதான் "அசைச்சிருப்பா" என்றேன்.

ஆனால் ஒரு வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை என்பதும் உண்மை. நரம்பு வழி மருந்து, நெஞ்சு பிசியோதெரபி, இருமல். எல்லையை இறக்கிய பிறகு இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினாள். தூக்கமும் அவளுக்கு மருந்துதானே?

காலையில் தலை வலிக்கிறது என்றாள். பிசியோவுக்குச் சாக்குச் சொல்கிறாள் என்றே அத்தனை நாளும் நினைத்திருந்தோம். டாக்டர் அப்படி நினைக்கவில்லை. தூக்கத்தில் மூச்சு போதவில்லையோ என்று மானிட்டரின் இரவுப் பதிவை எடுத்துப் பார்த்தார். நான்கிலிருந்து ஐந்தரை வரை பெரும்பாலும் 86, 87. கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கிறதா என்று இரத்தத்தைப் பார்த்துவிட்டு, இரவில் மட்டும் நிமிடத்துக்கு அரை லிட்டர் ஆக்சிஜன் எழுதினார்.

இரவு ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்று இதே நோய் உள்ள 28 பேரை வைத்து 1989-இல் வந்த ஆய்வு சொன்னது. என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள அதை எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஆக்சிஜன் வாங்கியவர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் ஒழுங்காகப் போனார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

எல்லையை இறக்கியதைவிட, சார்ட்டில் நான்கு மணிக் கட்டத்தில் 94 என்று எழுதியதுதான் அதிகம் உறுத்துகிறது. பொய் இல்லை. அவள் விழித்து, இருமி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எடுத்த எண். இப்போதெல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் 'விழிப்பு', 'தூக்கம்' என்று எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்குப் போகும் நாளில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நீங்க சத்தத்த நிறுத்தலன்னா புள்ள தூங்கியே இருக்காது, சிஸ்டர்."

அவள் விரலை அசைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ராத்திரி ஆக்சிஜன மறக்காம போடுங்கம்மா" என்றுதான் வந்தது.