மூட்டை கட்டும்போது

"இதை எங்கே சேர்க்கிறது?" என்று அக்கா தூக்கிக் காட்டியது ஒரு கம்பளிக் கோட்டு.

ஞாயிறு பூசை முடிந்து, பர்மாவில், யாங்கோனில் எங்கள் கோயில் கூடத்தில், நிலநடுக்கத்தில் அடிபட்ட மண்டலேக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். கோட்டில் ஒரு பொத்தான்கூட விழவில்லை. கொடுத்தவருக்கு நல்ல மனசு. ஆனால் மண்டலேயில் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

சரி, சின் மலைப்பக்கம் குளிரும், அங்கே போகட்டும் என்று தனியாக எடுத்து வைத்தோம்.

2025 மார்ச் 28-ல் 7.7 அளவில் பூமி ஆடியது. வீடு நிற்கிறவர்கள்கூட உள்ளே போகப் பயந்து தெருவில் படுத்தார்கள். வேண்டியது தார்ப்பாய், கொசுவலை, குடிதண்ணீர்.

வெளிநாட்டுச் சபைகளில் இருக்கும் நம் சொந்தங்களே, துணி வேண்டாம், பணமாகக் கொடுங்கள். கத்தோலிக்கர் என்றால் திருச்சபையின் உதவி அமைப்பான காரித்தாஸ் இருக்கிறது. பர்மாவில் அதன் வேலையைச் செய்வது கருணா மிஷன். பக்கத்துச் சந்தையிலேயே பொருளை வாங்கினால் அந்த வியாபாரியும் பிழைப்பார்.

மன்றாட்டில் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். சகாயிங், மண்டலே என்று வாய்விட்டுச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

அப்புறம் ஒன்று. செய்தி ஓய்ந்த பிறகுதான் வீடு கட்டுகிற வேலை தொடங்கும். ஆறு மாதம் கழித்து இன்னொரு காணிக்கை எடுக்க இப்போதே உங்கள் பங்குத்தந்தையிடம் பேசி வையுங்கள்.