ஓடும் வீட்டின் கூரை

கரூரில் பேருந்துகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில்தான் எங்கள் பழைய வேனை ஓடும் வீடாக மாற்றினோம். சென்ற ஐப்பசி மழையில், 40 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வால்பாறை சென்று திரும்பியபோது, படுக்கைக்கு மேலிருந்த பலகை ஊறிப்போய், விரலால் அழுத்தினால் உள்வாங்கியது. சோலார் தகட்டுக்காக நானே போட்ட திருகாணித் துளையைச் சுற்றியிருந்த பசை வெயிலில் வெடித்து, அதன் வழியே நீர் இறங்கியிருந்தது. யாரைக் குறை சொல்ல? பழைய பசையின் மேலேயே புதியதைப் பூசுவது வீண் வேலை என்பதால், முழுவதையும் சுரண்டியெடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்கு உலர்ந்த பிறகே பாலியூரித்தேன் சீலண்ட் இட்டேன்.

அப்படியே, சார்ஜை அடிக்கடி பாதிக்குக் கீழ் இறக்கியதால் ஆயுள் குன்றிய ஈய அமில பேட்டரியை அகற்றி, லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பொருத்தினேன். சோலார் மின்சாரத்தைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் சார்ஜ் கன்ட்ரோலரின் அமைப்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருந்தது.