படிவம் 16ஐப் பார்க்கும்போது
சம்பளம் பெறுவோருக்கு நிறுவனம் வழங்கும் படிவம் 16இன் முதல் பகுதி, நம் பெயரில் பிடித்து அரசுக்குச் செலுத்திய வரியைக் காலாண்டு வாரியாகக் காட்டுகிறது. அந்தத் தொகை நம் பெயரில் வரவான வரியைக் காட்டும், வருமான வரித் துறையின் படிவம் 26ஏஎஸ் உடன் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். இரண்டாம் பகுதி சம்பளத்தையும் கழிவுகளையும் விளக்குகிறது.

ஆண்டின் நடுவே வேலை மாறியவர்கள்தான் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 2024-25 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி 75,000 ரூபாய் நிலையான கழிவை (வரி கணக்கிடும் முன் சம்பளத்திலிருந்து குறைக்கப்படும் தொகை), முந்தைய சம்பள விவரத்தை நாம் தெரிவிக்காத நிலையில், இரு நிறுவனங்களும் தனித்தனியே கழித்திருக்கக்கூடும்; ஆனால் ஒருவருக்கு அது ஒருமுறைதான் உண்டு என்பதால், இரு படிவங்களின் மொத்தச் சம்பளத்தையும் கூட்டிக் கணக்கிடும்போது கூடுதல் வரி கட்ட வேண்டி வரலாம். சேமிப்புக் கணக்கு வட்டி பெரும்பாலும் இப்படிவத்தில் இடம்பெறாது. அதையும் நாமே சேர்க்க வேண்டும்.